எக்கோ அண்ணே கேட்டுச் சொன்ன ஊர்

உலகத்திலேயே தன் கண்ணை நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் கல்லூரி எக்கோ அண்ணேதான். எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாமல் விழிப்பார். ஆனால் முதுகைக் காட்டி வயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது நாம் கடந்து போனால், செருப்புச் சத்தத்தை வைத்தே, "என்ன டீச்சரம்மா, வலது கால் வலிக்குதா?" என்பார். வலிக்கத்தான் செய்யும்.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கிறது எங்கள் கல்லூரி. அலங்காநல்லூர்ப் பக்கம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தவர், எங்கள் கலையரங்கத்து மைக் செட்டைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். தலையைச் சாய்த்து எதிரொலியைக் கேட்பார். எக்கோ என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பிறகுதான், "சரி, உக்காரலாம்." சில அறைகளில் அப்படிச் சொல்லமாட்டார். "இங்கன வேணாம்" என்று வெளியே வந்துவிடுவார். முதல்வர் அறையிலும் ஒரு தடவை அப்படி வெளியே வந்துவிட்டார். முதல்வர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.

பழைய விடைத்தாள் கட்டுகள் கிடக்கும் அறையில் ஒரு நாள் தட்டிவிட்டு, "பீரோவுக்குப் பின்னாடி மூச்சு விடுற சத்தம் கேக்குது" என்றார். பியூன்கள் சிரித்துக்கொண்டே பீரோவை நகர்த்தினார்கள். உடும்பு ஒன்று சுவரோரம் படுத்திருந்தது. அவ்வளவுதானா என்று எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தோம். எக்கோ சிரிக்கவில்லை.

"நான் கேட்டது இது இல்ல. இது வேற மாதிரி மூச்சு விடுது" என்றார்.

அன்றிலிருந்து அந்த அறைக்கு யாரும் தனியாகப் போவதில்லை. நான் கணக்கு டீச்சர். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் நானும் போவதில்லை.

எங்கள் மாணவர் இசைக்குழுவுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தபோதுதான் இவருடைய முழு ரூபம் தெரிந்தது. நாதஸ்வரம், தவில், வயலின், கீபோர்டு என்று எல்லாம் கலந்த குழு. இருபத்திரண்டு பிள்ளைகள். முதல் தடவையாகக் கடல் தாண்டப் போகிறார்கள். மூன்று இடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். சிங்கப்பூர் என்றால் பேப்பரில் போட்டோ வரும் என்பது முதல்வர் கணக்கு. மொரீஷியஸ் என்றால் கடற்கரை என்பது பிள்ளைகள் கணக்கு. மூன்றாவது, மலேசியாவில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அது யார் கணக்கிலும் இல்லை. பாட்டுத் தெரியாதவர்தான் ஓரவஞ்சனை இல்லாமல் முடிவெடுப்பார் என்று சொல்லி, என்னைப் பொறுப்பாசிரியர் ஆக்கியிருந்தார் முதல்வர்.

கூட்டம் முடியும் நேரத்தில் வாசலில் நின்றிருந்த எக்கோ தொண்டையைச் செருமினார்.

"ஹாலைக் கேக்காம பிள்ளைகள எப்படி சார் அனுப்புவீக?"

"கேட்டாச்சுப்பா. மூணு பேரும் மெயில் போட்டுட்டாங்க."

"ஆளுககிட்ட கேட்டத சொல்லல சார். ஹாலைக் கேக்கணும்."

அவரைச் சமாளிப்பதைவிட மூன்று போன் போடுவது சுலபம் என்று முதல்வருக்குத் தெரியும். காலை பதினோரு மணிக்கு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார்கள். அங்கே இருப்பவர் காலி அரங்கத்தின் மேடையில் நின்று ஒரு தடவை கை தட்ட வேண்டும். சிங்கப்பூர்க்காரர் இரண்டு தடவை விளக்கம் கேட்டுவிட்டுத் தட்டினார்.

"தரையெல்லாம் கார்ப்பெட்டு. சத்தத்த முழுங்குற ஹாலு. ஜமுக்காளத்தப் போத்திக்கிட்டுப் பாடுன மாதிரி இருக்கும்" என்றார் எக்கோ.

மொரீஷியஸில் கைதட்டலே கேட்கவில்லை. அலைச் சத்தம்தான் வந்தது.

"இங்க கடல்தான் கச்சேரி பண்ணும். நம்ம பிள்ளைக பக்கவாத்தியம்."

மலேசியாவில் போனை எடுத்தது செல்வி என்ற பெண். மண்டபத்துப் பொறுப்பாளர். "இதோ மேடையில ஏறிட்டேங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் போய்ச் சுவரில் மோதித் திரும்பியது. எக்கோவின் முகம் மலர்ந்தது. மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம். பிறகு இன்னொரு தட்டு கேட்டது. மெதுவாக, தள்ளியிருந்து.

"கூட யாரும்மா?"

"யாரும் இல்லைங்களே. நான் மட்டும்தான். வெளிக்கதவைப் பூட்டிட்டுத்தான் வந்தேன்."

"ரெண்டு தட்டுங்க."

இரண்டு தட்டினார். சற்றுப் பொறுத்து, இரண்டு திரும்பி வந்தது.

"நெட்வொர்க் கோளாறு" என்றார் முதல்வர். குரலில் உறுதி இல்லை.

"நாலு எண்ணிக்கை மனசுல வச்சுக்கங்கம்மா. மூணு தட்டி நிறுத்திருங்க."

செல்வி தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில், தப்பாமல், ஒரே ஒரு தட்டு விழுந்தது.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். போனில் செல்வியின் மூச்சு கேட்டது.

"அண்ணே, நான் வெளிய போயிரவா?"

"போங்கம்மா. ஓட வேணாம், மெல்லப் போங்க. அவுக ஒண்ணும் செய்யமாட்டாக."

போன் கட்டானதும் முதல்வர் வெடித்தார். "சிங்கப்பூர்! முடிவு! இதுக்கு மேல பேச்சே கிடையாது."

எக்கோ நகரவில்லை. "மத்த ரெண்டு ஊருலயும் ஹாலுதான் சார் இருக்கு. இங்கதான் கேக்குறதுக்கு ஆள் இருக்கு."

இருபத்திரண்டு பேரைப் பெற்றவர்களிடம் நான் என்ன சொல்வது? மறுநாள் செல்வியே என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், முன்னாடி இந்த மண்டபத்தை எங்கப்பாதான் பாத்துக்கிட்டிருந்தாரு. நேத்து நடந்ததை அவர்கிட்ட சொன்னேன். 'கேக்காதே'ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. இங்க கச்சேரின்னு ஒண்ணு நடந்து ரொம்ப வருஷம் ஆச்சுங்க. உங்களை வராதீங்கன்னு சொல்லவும் மனசு வரல. வாங்கன்னு சொல்லவும் பயமா இருக்கு."

பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னேன். தவில் வாசிக்கிற பாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"சிங்கப்பூர்ல நமக்குப் பதினஞ்சு நிமிசம்தானாம் மேடம். தவிலை உறையில இருந்து எடுத்து வைக்கவே அம்புட்டு நேரம் ஆகும். அங்கிட்டுனா ஒரு சாயங்காலம் முழுக்க நம்மளுதுதான?"

மலேசியா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "பொறுப்பு உங்களோடது" என்றார் முதல்வர். எக்கோவும் கூட வர வேண்டும் என்று நான் வைத்த ஒரே நிபந்தனைக்கு உடனே சம்மதித்தார். அவரை ஊரைவிட்டு அனுப்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

விமானத்தில் ஏறியதும் எக்கோ நடுவழியில் நின்று ஒரு தட்டுத் தட்டினார். இது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தட்டினார்கள். பணிப்பெண் கும்பிட்டார். "சரி, உக்காரலாம்" என்று எக்கோ உட்கார்ந்தார். இறங்கும்வரை என் கையை விடவில்லை.

மண்டபம் பழசு. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனை மரங்கள். பட்டப்பகலிலேயே உள்ளே மங்கலாக இருந்தது. மேடையில் ஏறிய எக்கோ கை தட்டவே இல்லை.

"ஏண்ணே?"

"நாம வந்தது அவுகளுக்குத் தெரியும் டீச்சரம்மா."

நேராக மூன்றாவது வரிசைக்குப் போனார். ஓரத்து நாற்காலியைத் துடைத்தார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி தோளில் கிடந்த துண்டை அதில் போட்டுவிட்டு வந்தார். பின்னால் நின்ற வயலின் பெண் ஒருத்தி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் யாருடையதைப் பிடிப்பது?

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கச்சேரி. தோட்டத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தார்கள். மற்ற இடமெல்லாம் நிறைந்த பிறகும், துண்டு போட்ட நாற்காலிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. யாரும் அவர்களிடம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. அவர்களாகவே விலகி உட்கார்ந்தார்கள்.

பிள்ளைகள் அன்று வாசித்ததைப் போல அதற்கு முன் வாசித்ததில்லை. கடைசி உருப்படியில் பாண்டி வேகம் எடுத்தான். முடிவுக்கு ஒரே ஒரு அடி பாக்கி. வியர்வையில் வழுக்கிக் குச்சி கையைவிட்டுப் பறந்துவிட்டது. இருபத்திரண்டு பேரும் மூச்சை நிறுத்திய அந்த ஒரு கணத்தில், மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து ஒரு தட்டு விழுந்தது. துல்லியமாக, அந்த அடி விழ வேண்டிய இடத்தில்.

நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு மட்டும்தான் இருந்தது.

பிறகு மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. பாண்டி அழுதான். செல்வியின் அப்பா கதவோரம் நின்று, நாற்காலி இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். யாரை என்று கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு எக்கோ துண்டை எடுத்தார். "சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் தொடவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன். அவர் அதை மடித்து, தன் தோளில் போடாமல், நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். "இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு ஒரு நல்ல ரசிகரப் பாத்தாச்சு" என்றார். கண்ணை நம்பாத மனிதர், பார்த்தாச்சு என்றுதான் சொன்னார்.

இந்த வருஷமும் அழைப்புகள் வந்திருக்கின்றன. எந்த நாடு என்ற கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. கமிட்டி கூடி முடிவு செய்யட்டும். கூட வருகிறவர்கள் பட்டியலில் மட்டும் முதல் பெயரை நேற்றே எழுதிவிட்டேன். அது எனக்கும் பாஸ்போர்ட் ஆபீசுக்கும் மட்டுமே தெரிந்த பெயர். அந்த மனிதர் பக்கத்து சீட்டில் இருந்தால் எனக்கு எந்த ஊரும் பயமில்லை.