நான் வெட்டிய பங்கரும் மாமாவின் மிசினும்

எதையாவது பழுது என்று சொல்லிக் கழற்றிப் பார்ப்பதில் எனக்குள்ள ஆசை பொல்லாதது. இதுவரை நான் கழற்றிய சாமான்களில் பாதிக்கு மேல், கழற்றுவதற்கு முன்பு நன்றாக வேலை செய்தவை. என் மனைவி சாந்தி சொல்லி நீங்கள் இதைக் கேள்விப்படுவதைவிட நானே ஒப்புக்கொண்டு விடுவது மரியாதை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குண்டுபோடும் பொம்மர் எந்த நேரம் வரும் என்று தெரியாததால் வீட்டுக்கு வீடு பதுங்கிக்கொள்ளப் பங்கர் வெட்டியிருந்தார்கள். வட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வளவில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு மகேஸ்வரியக்காவிடம் நல்ல பங்கர் இருந்தது. ஆனால் அவருக்கும் எனக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் நிற்கும் வேலி தன் காணிக்குள் இரண்டடி வந்துவிட்டது என்பது அவர் வாதம். இல்லை, சரியான இடத்தில்தான் நிற்கிறது என்பது என் வாதம். (அந்த இரண்டடியில் இருந்தது ஒரு நாயுருவிப் பற்றை. அதற்குத்தான் இவ்வளவும்.) இரு வீட்டாரும் போய்வர வேலியில் இருந்த சின்ன இடைவெளியான பொட்டையும் கோபத்தில் முள்ளுக்கம்பி கட்டி அடைத்துவிட்டேன்.

சாந்திக்கு அப்போது ஐந்து மாதம். ஒருநாள் சொல்லிவிட்டாள்:

"ஒண்டில் பங்கர் வெட்டுங்கோ. இல்லாட்டில் அக்காவோடை கதையுங்கோ. வயித்துப் பிள்ளையோடை நான் எங்கை ஓடுறது?"

இரண்டில் வெட்டுவதுதான் எனக்குச் சுலபமாகத் தெரிந்தது.

ஓர் அலுவலகத்தில் படம் கீறுவதுதான் என் உத்தியோகம். ஆகவே பங்கருக்கும் அளவு போட்டு, மேலிருந்து ஒரு பார்வை, பக்கத்திலிருந்து ஒரு பார்வை என்று படம் கீறினேன். இடமாக நான் தேர்ந்தெடுத்தது அந்த நாயுருவிப் பற்றையை. பங்கருக்குள் போய்விட்ட நிலத்தை யார் வந்து உரிமை கேட்பது? அது எங்கள் வளவிலேயே பள்ளமான மூலை என்பதையும், வேலிக்கு அப்பால் பத்தடி தூரத்தில் மகேஸ்வரியக்காவின் கிணறு இருப்பதையும் படத்தில் குறிக்க மறந்துவிட்டேன். ஆவணி வெயிலில் ஆறடி ஆழம் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டையும் போட்டாயிற்று. மண் காய்ந்து பொருபொருவென்று இருந்தது.

கார்த்திகை மழை ஒரு கிழமை பெய்தது. எட்டிப் பார்த்தால் பங்கருக்குள் இடுப்பளவு தண்ணீர்.

"மழைத் தண்ணிதானே. இறைச்சு விட்டால் சரி" என்றேன் சாந்தியிடம்.

மாமா (சாந்தியின் அப்பா) சுழிபுரத்திலிருந்து தன் இறைப்பு மிசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மண்ணெண்ணெய் மருந்துபோல் கிடைத்த காலம். விளக்குக்கு வைத்திருந்ததை எடுத்து ஊற்றினோம். மிசினை எழுப்ப மருந்துப் போத்தலில் அரைவாசி பெற்றோல் வைத்திருந்தார் மாமா. நாலு சொட்டு விட்டுக் கயிற்றை இழுத்தார். மிசின் எழும்பியது. தண்ணீர் வளவுக்கு வெளியே ஒழுங்கைக்குப் பாய்ந்தது.

நான் பங்கருக்குள் ஒரு தடியை நட்டு, அதில் அங்குலக் கோடும் கீறி வைத்திருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன். தண்ணீர் அதே கோட்டில் நின்றது.

"மாமா, உங்கடை மிசின் இழுக்குதில்லை."

"இழுக்குதில்லையோ? ஒழுங்கையிலை போய்ப் பாரும், வெள்ளம் ஓடுது."

"அது பாக்கத்தான் அப்பிடி. உள்ளை காத்துப் போகுது." (எனக்குக் காத்தும் தெரியாது, கத்தரிக்காயும் தெரியாது.)

"பத்துப் பரப்பு வெங்காயத்துக்கு இறைச்ச மிசினடாப்பா இது. உம்மடை குழிக்கு ஏலாதோ?"

மாமா கோபித்துக்கொண்டு போய் மாமர வேரில் உட்கார்ந்தார். நான் குறடொன்றை எடுத்தேன். பிளக்கைக் கழற்றி மண்கடதாசியால் தேய்த்தேன். குழாயின் அடியிலிருந்த வால்வைக் கழற்றி ஊதினேன். கழற்றத் தேவையில்லாத இன்னொன்றையும் கழற்றியபோது ஒரு நட்டுத் தவறிப் பங்கருக்குள் விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கால் விரலால் தடவித் தடவி அரை மணித்தியாலம் தேடினேன். அளவுத் தடியின் உச்சியில் ஒரு தவளை வந்து குந்திக்கொண்டு என்னையே பார்த்தது.

நட்டு அகப்பட்டது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். ஒரு வாசர் மிஞ்சியது. அதை மாமா காணாமல் சட்டைப் பைக்குள் போட்டேன். குழாய்ப் பூட்டுகளுக்குச் சைக்கிள் ரியூப் வெட்டி இறுக்கிக் கட்டினேன். மிசின் முன்பைவிடப் பெரிய சத்தத்தோடு ஓடியது. தண்ணீர் அதே கோட்டில்.

"இஞ்சருங்கோ, பிழை மிசினிலை இல்லாமல் குழியிலை இருக்குமோ?" என்றாள் சாந்தி.

"மிசினைப் பற்றி உமக்கென்ன தெரியும்?" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பொம்மர் சத்தம் கேட்டது.

சாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். எங்களிடம் இருந்தது பனங்குற்றி போட்ட ஒரு குளம். எட்டு மாதக்காரியை அதற்குள் எப்படி இறக்குவது? அப்போது வேலிக்கு அங்காலிருந்து ஒரு குரல்:

"தம்பி, பிள்ளையை இஞ்சாலை கூட்டிக்கொண்டு வாரும்! கெதியா!"

ஒரு வருடத்துக்குப் பிறகு மகேஸ்வரியக்கா என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது. நான் ஓடிப்போய், நானே கட்டிய முள்ளுக்கம்பியை நானே பிடுங்கினேன். உள்ளங்கை கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. பொட்டுக்குள்ளால் ஆள் போக இடம் காணாமல் வேலியில் நின்ற இரண்டு கிளுவங்கதியாலையும் சரித்து விழுத்தினேன். மாமா சாந்தியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

அக்காவின் பங்கர் மேட்டில் இருந்தது. உள்ளே பாய் விரிக்கலாம், அவ்வளவு காய்ந்து கிடந்தது. அக்கா சாந்தியை ஓரமாக இருத்தி, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். பொம்மர் இரண்டு முறை சுற்றியது. நான் தெரிந்த தேவாரத்தையெல்லாம் வரி மாற்றிச் சொன்னேன். பிறகு சத்தம் கடல் பக்கமாகத் தேய்ந்து போய்விட்டது. எங்கும் எதுவும் விழவில்லை. அப்பாடா என்று நான் விட்ட மூச்சைப்போல் ஒன்றை வாழ்க்கையில் அதற்குப் பிறகு ஒருபோதும் விட்டதில்லை.

அந்த அமைதியில் எங்கள் வளவிலிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மாமாவின் மிசின், நிறுத்த ஆளில்லாமல் தன்பாட்டில் இறைத்துக்கொண்டிருந்தது.

மகேஸ்வரியக்கா மெல்லக் கேட்டார்:

"தம்பி, குறை நினைக்காதையும். அந்த மிசினை ஒருக்கா நிப்பாட்டுறீரோ? காலமை கிணத்திலை கையாலை அள்ளின தண்ணிக்கு இப்ப கயிறு வேணுமாக் கிடக்கு."

மாமா என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் வெட்டினது பங்கர் இல்லை. மகேஸ்வரியின்ரை கிணத்துக்கு ஒரு தங்கச்சிக் கிணறு. காலமை தொடக்கம் என்ரை மிசின் அவவின்ரை கிணத்தைத்தான் இறைச்சிருக்கு!"

முதலில் சிரித்தது சாந்திதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். அக்காவும் சிரித்தார். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்த வாசரை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன்.

தை மாதம் மகள் சுகமாகப் பிறந்தாள். அதற்குப் பிறகு பொம்மர் வந்தபோதெல்லாம் அக்காவின் பங்கருக்குள்தான் இருந்தோம். என் பங்கரின் பனங்குற்றிகளைக் கழற்றிவிட்டு, அடுத்த கோடையில் மாமா அதே மிசினை அங்கே வைத்து இரு வீட்டு மிளகாய்க்கும் இறைத்தார். அந்த இரண்டடி யாருடையது என்று பிறகு யாரும் கேட்கவில்லை. அதில் நிற்பது தண்ணீர். பொட்டை நான் திரும்ப அடைக்கவுமில்லை.

இன்றைக்கும் வீட்டில் மின்விசிறி நின்றாலும் மிக்சி நின்றாலும் நான் ஆவலோடு திருப்புளியைத் தேடத் தொடங்குவேன். சாந்தி தலை நிமிராமல் சொல்வாள்:

"முதல் பக்கத்து வீட்டுக் கிணத்தை ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாங்கோ."