மூன்றாவது மாலை

காப்பி ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது. அறிவரசன் அதைத் தொடவே இல்லை.

"சர்க்கரை கூடிப்போச்சா தம்பி?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

"இல்ல அத்தை. எங்க சபையில காப்பி, டீ குடிக்கறதில்ல."

அடைக்கலசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவர். வேத விஷயத்தில் தமக்குத் தெரியாதது அதிகமில்லை என்பது அவர் எண்ணம். ஆனால் காப்பி குடிக்காத கிறிஸ்தவனை இப்போதுதான் பார்க்கிறார்.

"எந்தச் சபைடா அது? பெந்தெகொஸ்தேயா?"

"இல்ல மாமா. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன்னு சொல்லுவாங்க."

"பேரு பஸ் போர்டை விட நீளமா இருக்கே."

அறிவரசன் சிரித்தான். அடைக்கலசாமியின் முதல் மனைவி ரத்தினம்மாளின் தம்பி மகன் அவன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். செத்துப்போன தன் சொந்தங்களின் பெயர்களைக் கேட்டுச் சேகரிக்கிறானாம்.

"செத்தவங்க பேரு எதுக்குடா?"

"அவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத்தான் மாமா. உயிரோட இருக்கற ஒருத்தர் அவங்களுக்குப் பதிலா தண்ணியில முங்கி எந்திரிப்பாங்க. ரத்தினம் அத்தைக்கும் கொடுக்கணும்னு ஆசை. அதுக்கு நீங்க சரின்னு சொல்லணும்."

"அவளுக்குத்தான் பொறந்த பத்தாம் நாளே ஏலாக்குறிச்சியில கொடுத்தாச்சே."

"கைக்குழந்தைக்குக் கொடுக்கறதை நாங்க ஏத்துக்கறதில்ல மாமா. எட்டு வயசு ஆவணும். முழுசா முங்கணும்."

"அவ கொள்ளிடத்துல முட்டிக்கு மேல எறங்குனவ இல்ல."

"அத்தை முங்க வேணாம். அங்க இருந்துக்கிட்டே சரின்னும் சொல்லலாம், வேணாம்னும் சொல்லலாம். அது அவங்க இஷ்டம்."

"வேணாம்னுதான் சொல்லுவா. நான் கேட்ட எதுக்கு அவ சரின்னு சொல்லியிருக்கா?"

சுவரில், சின்ன விளக்குக்கு அடியில், போட்டோவில் இருந்த ரத்தினம்மாள் எப்போதும் போலக் கொஞ்சம் முறைப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமும் அப்படித்தான் மாமா. சாவு பிரிக்கும் வரைன்னு நாங்க சொல்றதில்ல. எங்க கோயில்ல வச்சு அதை முத்திரை பண்ணிட்டா, மறுமையிலயும் அவங்க புருசன் பொண்டாட்டிதான்."

அடைக்கலசாமி போட்டோவையே பார்த்தார். யோசிக்காமல் கேட்டுவிட்டார்.

"அப்போ ரத்தினம் அங்கயும் எனக்குத்தானா?"

பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். பொன்னுத்தாய் பையனுக்குப் பாலில் பனங்கற்கண்டு போட்டு எடுத்துவந்து வைத்துவிட்டு அப்படியே நின்றிருந்தாள்.

ரத்தினம்மாள் போன நாலாம் வருஷம், அன்றைய பங்குத்தந்தை பார்த்துப் பேசி முடித்த கல்யாணம் அது. மேளமில்லை, பந்தலில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு பந்திக்குக்கூட ஆள் தேறவில்லை. ஆனால் அன்று முதல் இந்த வீட்டில் அடுப்பு எரியாத நாளில்லை. ரத்தினம்மாளின் போட்டோவுக்கு விளக்கு மாட்டியதே பொன்னுத்தாய்தான்.

அடைக்கலசாமிக்கு வியர்த்தது. உடனே சரிசெய்ய முனைந்தார்.

"பொன்னுவும்தாண்டா. ரெண்டு பேரும். உங்க சபையில அதுக்கு வழி இருக்குல்ல?"

"இருக்கு மாமா. மொத சம்சாரம் தவறிட்டா ரெண்டாவது சம்சாரத்தோடயும் பண்ணிக்கலாம். ஆனா நீங்க முதல்ல சபையில சேந்து, ஒரு வருசம்..."

"அதெல்லாம் பொறவு பேசிக்கலாம். கேட்டியா பொன்னு? ரெண்டு பேருக்கும் எடம் இருக்காம்."

பொன்னுத்தாய் முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டாள். "ஆம்பளைக்குச் சரி தம்பி. பொம்பளைக்கு எப்படி?"

அறிவரசன் வாயைத் திறப்பதற்குள் அடைக்கலசாமி சிரித்துவிட்டார். "பொம்பளைக்கு என்ன, ஒரே புருசன்தான். நீ ஏன் கவலப்படுற?"

அவள் உள்ளே போனாள். மத்தியானம் ரசத்தில் உப்பே இல்லை. பொன்னுத்தாயின் ரசத்தில் உப்பு மறந்தது அதுதான் முதல் தடவை.

பொறாமை என்று அவர் முடிவு கட்டினார். நியாயமான பொறாமைதான். செத்துப்போனவள் சுவரில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் எவளுக்குத்தான் வலிக்காது. மறுநாள் பொன்னுத்தாய் கடைக்குப் போயிருந்த நேரம் ஸ்டூலைப் போட்டு ஏறி, ரத்தினம்மாளின் போட்டோவைக் கழற்றி, துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார்.

பொன்னுத்தாய் வந்ததும் சுவரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா எங்க?"

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"எனக்கா? செத்தவங்களை நினைக்கறதுல என்னங்க சங்கடம்? அப்படித் தூக்கி வச்சுட்டா மறந்து போயிடுமா?"

அவளே ஸ்டூலில் ஏறி எடுத்து, துடைத்து மாட்டினாள். விளக்கு எரியவில்லை. ஒயர் அறுந்திருந்தது. அன்று சாயங்காலம் வரை அவரிடம் அவள் பேசவில்லை. அறிவரசன் உட்கார்ந்து ஒயரை ஒட்டிக்கொடுத்தான்.

இது தம்மால் தீர்கிற காரியம் இல்லை என்று அடைக்கலசாமி பங்குத்தந்தை ஜெயப்பிரகாஷைப் பார்க்கப் போனார். ஃபாதர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முழுக்கதையும் கேட்டார்.

"நமக்குப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணு ஆள், ஒரே கடவுள். அவங்க தனித்தனியா மூணு பேரு, ஆனா மனசு ஒண்ணுன்னு சொல்றாங்க. பைபிளோட இன்னொரு வேத புத்தகமும் வச்சிருக்காங்க. அவங்க ஞானஸ்நானத்தை நாம ஏத்துக்கறதில்ல, நம்மதை அவங்களும் ஏத்துக்கறதில்ல. வித்தியாசம் பெருசுதான்."

"அப்போ பையனை என்ன பண்றது ஃபாதர்?"

"சோறு போடுங்க. காப்பிதானே குடிக்க மாட்டான்."

"கல்யாண விஷயம்?"

"அதை நம்ம ஆண்டவர்கிட்டயே கேட்டாங்களே. ஒருத்தி ஏழு பேரை ஒருத்தர் பின்னால ஒருத்தரா கட்டுனா. ஏழு பேரும் செத்துப்போனாங்க. உயிர்த்தெழுந்தப்புறம் அவ யாரு பொண்டாட்டின்னு கேட்டாங்க. அங்க கொள்வினை கொடுப்பினை கெடையாது, எல்லாரும் தேவதூதர் மாதிரி இருப்பாங்கன்னு சொல்லிட்டாரு. நம்ம திருச்சபை அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்காக அன்பு அழிஞ்சு போயிடும்னு அர்த்தம் இல்ல."

"அது ஒரு பொம்பளைக்குப் பல புருசன் இருந்தா ஃபாதர். நம்ம வூட்டுல அந்தப் பிரச்சினை இல்லையே."

ஃபாதர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தார். பிறகு, "வூட்டுக்குப் போயி பொன்னுத்தாயிகிட்ட நீங்க பேசாம, அவங்க பேசறதைக் கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

அடைக்கலசாமி வீட்டுக்கு வந்து பேசினார். ஏழு புருசன் கதையை வாசகம் வாசிக்கும் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பொன்னுத்தாய் கீரை ஆய்வதை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"அவ யாருக்குன்னு ஆண்டவர் சொன்னாரு?"

"யாருக்கும் இல்லைன்னுட்டாரு. அங்க எல்லாரும் தேவதூதர் மாதிரி. ரத்தினமும் இல்ல, நீயும் இல்ல. இப்ப மனசு ஆறுச்சா?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. "ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தா அடையாளமாவது தெரியுமாங்க?"

"அதைக் கேக்க மறந்துட்டேன்."

அன்று அவள் சாப்பிடவில்லை. அறிவரசன் வந்து, "அத்தை, எங்க சபையில மாசம் ஒரு நாள் பட்டினி இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை இல்லாதவங்களுக்குக் கொடுப்போம். நீங்க சும்மா பட்டினி கெடந்தா யாருக்கும் பிரயோசனம் இல்ல. எந்திரிச்சு சாப்பிடுங்க" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அடைக்கலசாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று வந்த பையனால் ஒரு வாய்ச் சோறு ஊட்ட முடிகிறது, தம்மால் முடியவில்லையே என்று இருந்தது. இப்படியே போனால் மேலே யாரோடு இருப்பது என்கிற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்னே கீழே இருப்பவளை இழந்துவிடுவோம் என்று நிஜமாகவே பயம் பிடித்தது.

கடைசி ஆயுதத்தை எடுத்தார். மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"பொன்னு, நான் முடிவு பண்ணிட்டேன். மறுமையில அப்படி ஒரு வழி இருந்தா, நான் உன்கூட மட்டும்தான். ரத்தினத்தை விட்டுடறேன். அறிவுகிட்ட சொல்லிடறேன்."

இதைச் சொல்லும்போது சுவர்ப் பக்கம் பார்க்காமல் இருக்க அவர் மிகவும் கஷ்டப்பட்டார்.

பொன்னுத்தாய் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயய்யோ, அப்படி மட்டும் பண்ணிடாதீங்க. அக்கா பாவம், இத்தனை வருசமா தனியா கெடக்குறாங்க. இங்க உங்களை நான் பாத்துக்கறேன். அங்க அக்கா பாத்துக்கட்டும். நீங்க அக்கா கூடவே போயிடுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மாதா மேல சத்தியமா."

தன் இடத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கிற பெண். அதுவும் சொர்க்கத்தில். இவ்வளவு பெரிய மனசுக்காரியைப் போய் பொறாமைக்காரி என்று நினைத்தோமே என்று அடைக்கலசாமிக்கு வெட்கமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. அன்று ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

அறிவரசனிடம், "ரத்தினம் விஷயம் இப்போதைக்கு வேணாம்டா. என்ன சொன்னாலும் எங்க திருச்சபையில பொறந்தவ, அதுல போனவ" என்றார்.

"சரி மாமா. நீங்க வேணாம்னா வேணாம்தான்" என்றான் அவன், முகம் சுளிக்காமல்.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய், அத்தையின் கல்லறைக்கும் தலைமாட்டுச் சிலுவைக்கும் அவனே வெள்ளை அடித்தான்.

"உங்க சபையில சிலுவை வைக்கறதில்லன்னு சொன்னியே?" என்று கேட்டார் அடைக்கலசாமி.

"வைக்கறதில்லதான் மாமா. அத்தை வச்சிருக்காங்கல்ல."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பங்குக்குப் பங்கு, சபைக்குச் சபை நம்பிக்கை மாறும். ஒரு வாளிச் சுண்ணாம்புக்கும் ஒரு டம்ளர் பாலுக்கும் அந்த வித்தியாசம் தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

தாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. வருஷா வருஷம் கல்லறைக்குப் பூ வாங்குவது பொன்னுத்தாய்தான். இவர் வெள்ளை வேட்டியோடு வந்து நின்று ஜெபம் சொல்வதோடு சரி. முடிந்ததும் அவள், "நான் பொறந்த ஊர்ப் பக்கம் போயிட்டு வரேங்க" என்று விக்கிரமங்கலம் பஸ் ஏறிவிடுவாள். இவர் வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவார். இந்த வருஷம் பூவையாவது தாமே வாங்குவோம் என்று திருநாளன்று காலையில் கிளம்பினார்.

கல்லறை வாசலில் பூமாலை கடை போட்டிருந்தாள். பெயரும் அதுதான், தொழிலும் அதுதான். இவரைக் கண்டதும் வாழையிலையில் கட்டிய மூன்று பொட்டலங்களை எடுத்து வைத்தாள்.

"ரெண்டு போதும்மா. ரத்தினத்துக்கு ஒண்ணு, எங்க அப்பா அம்மாவுக்கு ஒண்ணு."

"மூணாவது உங்க வூட்டு அம்மாவோடதுங்கய்யா. வருசா வருசம் மூணுதான். ரெண்டு இங்க, ஒண்ணு விக்கிரமங்கலம் பஸ்ஸுல போவும்."

"அவ அப்பாவுக்காத்தான் இருக்கும்" என்றார் அடைக்கலசாமி. மனசு நிறைந்திருந்ததால், கேட்காமலே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். மருமகப்பிள்ளையின் சபையை, மறுமைக் கல்யாணத்தை, கடைசியில் பொன்னுத்தாய் சொன்ன வார்த்தையை. "நீங்க அக்கா கூடவே போயிடுங்கன்னு சொல்லிட்டாம்மா. இந்தக் காலத்துல இப்படி ஒரு தியாகம் யாரு பண்ணுவா?"

பூமாலை பல்லால் நாரைக் கடித்து அறுத்துவிட்டு, மூன்றாவது பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

"மறந்துட்டீங்களாய்யா, இது அவங்க அப்பாவுக்கு இல்ல, விக்கிரமங்கலத்துல படுத்திருக்கற அவங்க மொத வூட்டுக்காரருக்கு, நீங்க உங்க மொத வூட்டுக்காரம்மா கூடப் போனாத்தானே அவங்க நிம்மதியா அவரு கூடப் போவ முடியும்."