மண்ணய்யாவின் ஈரச்சுவர்

மண்ணய்யா வீட்டு வாசலில் கூட்டம் நெரிந்தது. மண் தின்பவர், சாக்பீஸ் கடிப்பவர், சாம்பல் நக்குபவர், யார் வந்தாலும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்: "உன் வயித்துல மண்பேய் இருக்கு!" மருந்து? மந்திரித்த மண் பொட்டலம். ஆமாம், மண் தின்பவர்களுக்கு மண்ணையே விற்றார். எப்பேர்ப்பட்ட ஞானம்!

அன்று ஒரு தையல்காரியை அவள் மாமியார் இழுத்து வந்தாள். துணியில் கோடு போடும் சுண்ணாம்புக்கட்டியை மருமகள் மறைவாகக் கடிப்பதைக் கண்ட நாள் முதல், கைக்குழந்தையை அவளிடம் கொடுப்பதில்லை.

"பேய்னு அய்யா சொல்லிட்டா, பிள்ளை என்கிட்டதான் வளரும்."

வெளுத்துப்போய் நின்ற அந்தத் தாய்க்கு அழக்கூடத் தெம்பில்லை. பாவமாக இருந்தது.

துணைக்கு நாத்தனாரும் வந்திருந்தாள். காத்திருக்கும் அறையில் பெஞ்சு; பெஞ்சுக்குப் பின்னால் மண் பூசிய சுவர். சீடர் அதில் அடிக்கடி தண்ணீர் தெளித்தார். புனிதப்படுத்துகிறாராம்! ஈரமண் வாசனை ஆளைத் தூக்கியது. சுவரெங்கும் நகம் சுரண்டிய பள்ளங்கள். எதிர்ச்சுவரில் கண்ணளவுக்கு ஓர் ஓட்டை. நாத்தனாருக்குப் பொறி தட்டியது.

"அண்ணி, கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. என்ன ஆனாலும் சுவரைத் தொடாதீங்க" என்று காதோடு சொன்னாள். பிறகு அவளே சுவரைச் சுரண்டி, வாயருகே கொண்டுபோய், சப்புக்கொட்டினாள்.

உள்ளே அழைத்தார்கள். "இவ கையில குழந்தையைக் குடுக்கலாமா அய்யா?" என்றாள் மாமியார்.

மண்ணய்யா மருமகளைப் பார்த்துக் கண்ணை மூடினார். "இவ சுத்தம். தாராளமா குடு." நாத்தனாரைப் பார்த்ததும் துள்ளினார். "இதோ மண்பேய்! இப்பக்கூட தின்னுட்டுதான் வந்திருக்கு!"

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, ஆள் மாறிப்போச்சு அய்யா! சுண்ணாம்பு தின்னது மருமக. இவ என் பொண்ணு. சோத்துல ஒரு கல்லு இருந்தாலே வீட்டை ரெண்டாக்குவா!"

நாத்தனார் மூடிய கையை விரித்தாள். சுரண்டிய மண் அப்படியே இருந்தது. "நான் தின்னவே இல்லீங்க. ஓட்டை வழியா சரியாத் தெரியலையோ?"

அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கிய திரையை இழுத்தாள். அதன் பின்னால் அதே ஓட்டை. அதில் வாயை வைத்துக் கத்தினாள்: "எல்லாரும் உங்க நகத்தைப் பாருங்க! அதுதான் அய்யாவோட ஞானம்!"

பெஞ்சிலிருந்தவர்கள் நகத்தைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், பிறகு ஓட்டையைப் பார்த்தார்கள். சீடர் தண்ணீர்ச் சொம்போடு நழுவினார்.

மறுநாள் மருமகளின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் சொன்னார்: "இரும்புச்சத்து ரொம்பக் குறைவும்மா. அதனாலதான் கண்டதையும் தின்னத் தோணுது." மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"அப்போ பேயோட பேரு இரும்பா?" என்றாள் மாமியார். ஆனாலும் குழந்தையைத் தாயின் மடியில் வைத்தாள்.

மண்ணைத் தின்றவர்கள் எத்தனையோ பேர். வாயில் மண் விழுந்தது மண்ணய்யாவுக்கு. அவருக்கென்ன, வேறு எங்காவது புதுச்சுவர் பூசிக்கொள்வார். நீங்கள் சொல்லாததை எவராவது சொன்னால், கும்பிடுவதற்கு முன் எதிர்ச்சுவரைப் பாருங்கள். கழுத்து தலையாட்டுவதற்கு மட்டுமல்ல, திரும்பிப் பார்ப்பதற்கும்தான்.