மக்ரூன் தகரக்கோட்டைப் போர்

"சார், ஆண்டவர் மேலருந்து நம்மளப் பாக்கும்போது, வீடியோ கால்ல சுத்துத மாதிரி நடுவுல வட்டம் சுத்துமா?" என்று ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சிறுமி ஒருமுறை கேட்டாள். வேதம் சொல்லிக்கொடுக்கும் தேவபிரசாதம் சிரித்துக்கொண்டே அடுத்த வசனத்துக்குப் போனார். ஆனால் அந்த வட்டத்தோடு தாமே ஒருநாள் சமர் புரிய நேரும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

வாழி தேவபிரசாதம்! தென்பாண்டி நாசரேத் ஈன்ற நன்முத்தே! தூத்துக்குடித் துறைமுகத்துச் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்துச் சலித்த செங்கையோய்! கைலியே கவசமாய், ரிமோட்டே வாளாய், சோபாவே தேராய்க் களம் புகுந்த கோமகனே, உன் புகழைப் பாட எம் நாவுக்கு வலிமை அருள்வாராக கர்த்தர்!

அவர் ஏந்திய ஆயுதமோ சோப்பு டப்பாவினும் சிறிய ஒரு கணினி. கொசுவிரட்டி குடிக்கும் அளவே கரண்டு குடிப்பது; விசிறி இல்லாதது; மூச்சு விடும் ஓசையும் கேளாதது. ஆயினும் படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அடுக்கி டிவியில் காட்டும் மென்பொருளைத் தன் சிறு வயிற்றில் சுமப்பது.

போருக்குக் காரணம் மண்ணும் அன்று, பொன்னும் அன்று. மனைவி ஜெயஷீலாவின் தகப்பனார் இறந்து அன்று ஓராண்டு. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் பாடகர் குழுவோடு அவர் பாடிய பழைய பதிவு ஒன்று வீட்டில் இருந்தது. அடக்கத்துக்கு மஸ்கட்டிலிருந்து வந்துசேர முடியாமல் போன ஜெயஷீலாவின் தங்கை சுஜிதா, கணவன் கிங்ஸ்டனோடு இப்போதுதான் வந்திருந்தாள். "அவ அப்பா குரலக் கேக்கணும். நடுவுல நிக்காம வந்தாப் போதும்" என்று மட்டும் சொல்லியிருந்தாள் ஜெயஷீலா.

"நிக்காது!" என்று முழங்கினார் வீரர். அம்முழக்கத்தில் அடுப்படிப் பூனை எழுந்து போயிற்று.

ஆனால் விதி உப்புக்காற்றின் வடிவில் முன்பே விளையாடியிருந்தது. சைக்கிள் செயினைத் தின்று, சன்னல் கம்பியைத் தின்று, கேட்டுப் பூட்டையும் மென்று விழுங்கும் அக்காற்று தம் கணினியைத் தீண்டலாகாது என்று கருதிய தேவபிரசாதம், முந்திரி மக்ரூன் இனிப்பு தீர்ந்து காலியான டின்னில் அதைக் குடியேற்றி, வயர் நுழைய மட்டும் துளையிட்டு, மூடியை இறுக அடைத்திருந்தார். காற்று புகவில்லை. உள்ளறை லேப்டாப்பிலிருந்து வைஃபையில் அந்தரமார்க்கமாய் வரவேண்டிய பாட்டும் தகரத்தைத் தாண்டிப் புகவில்லை.

திரையில் வட்டம் எழுந்தது. நடுக்கடலில் நங்கூரம் அறுந்த தோணியைப் போல் சுழன்றது. வீரர் அணைத்தார், மூட்டினார், மறுபடி அணைத்தார். வைஃபை பெட்டியின் கொம்புகளைத் திருச்செந்தூர்த் திசைக்குத் திருப்பினார், பிறகு மனம் உறுத்தி நாசரேத் திசைக்கும் திருப்பினார். வட்டம் இரு திசைக்கும் மசியவில்லை.

"அண்ணாச்சி, கதை எனக்குப் புரிஞ்சிட்டு. வட்டந்தான் ஹீரோவா?" என்றான் கிங்ஸ்டன்.

"பொறுங்க தம்பி, அது யோசிக்கி."

"எம்புட்டு நேரமா யோசிக்கி! எங்க மேனேஜரே தோத்தாரு."

பசியால் உந்தப்பட்ட கிங்ஸ்டன், டிவிக்கு அருகில் இருந்த டின்னைக் கண்டான், கை நீட்டினான், மூடியைத் திறந்தான். "என்ன அண்ணாச்சி, மக்ரூன்னுல்லா நெனச்சேன்!" என்று அவன் அலறிய அக்கணமே வட்டம் மறைந்து, திரையில் தேவாலயம் ஒளிர்ந்தது. நம் நாயகர் ரிமோட்டை உயர்த்தி, தாமே வென்றதுபோல் தலையசைத்தார்.

பாடகர் குழு எழுந்தது. கடைசி வரிசையில் தகப்பனார் மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார்.

திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று தோன்றிற்று. திறந்த வாயோடு அவர் உறைந்து நின்றார். அந்தோ! எப்போதோ செத்துப்போன ஒரு கைப்பேசியின் சார்ஜரில் அல்லவா எம் வேந்தர் அக்கணினிக்குப் படியளந்திருந்தார்! சுஜிதா எழுந்துபோய்த் திரையருகே நின்றாள். கிங்ஸ்டன்கூடச் சிரிக்கவில்லை.

அவ்வேளை, இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையைத் திருப்பித் தர வந்து நின்றாள் மாடிவீட்டுச் செண்பகம், கப்பலில் வேலைபார்ப்பவர் மனைவி. "கரண்டு பத்தல போல அண்ணாச்சி. நில்லுங்க" என்று மேலே ஓடித் தன் சார்ஜரைக் கொண்டுவந்தாள்.

"ஏளா, ஒன் போனுக்கு? அவுக கூப்புடுவாவல்லா?" என்றாள் ஜெயஷீலா.

"சாயங்காலந்தான் மதினி. நெறைய சார்ஜ் கெடக்கு."

அவள் கையிலிருந்த கைப்பேசியின் மூலையில், சார்ஜ் தீரப்போகும் சிவப்பு ஒளிர்ந்ததைத் தேவபிரசாதம் மட்டும் கண்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், சுஜிதாவின் முதுகைப் பார்த்தார், வாங்கிச் செருகினார்.

மின்னல் ஒழிந்தது. மாமனாரின் கனத்த குரல் எழுந்தது. சுவர் அதிர, கண்ணாடி டம்ளர் அதிர, அது ஓரிடத்திலும் நிற்காமல் முடிந்தது. "இன்னொரு தடவ அத்தான்" என்றாள் சுஜிதா. மீண்டும் போட்டார். மீண்டும் கேட்டாள். அவள் அழுது ஓய்ந்த பிறகே எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

வெற்றிவாகை சூடிய வேந்தரோ பந்திக்கு முந்தவில்லை. கணினியை முறைப்படி அணைத்து, சார்ஜரைச் சுருட்டி மடியில் மறைத்து, மாடியேறினார். செண்பகம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கதவோரத்து மேசையில் அவள் கைப்பேசி அணைந்து கிடந்தது. அவர் அதைச் சார்ஜரில் செருகி, சுவிட்சைப் போட்டார். திரையில் உயிர் வரும்வரை, படைவீட்டைக் காக்கும் காவலன்போல் நின்றார். பிறகு பொத்தானை அமுக்கி எழுப்பிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அவர் பாதிப் படியில் இருக்கையில் மேலே மணி ஒலித்தது. தடதடவென்று ஓடிவரும் காலடி கேட்டது. "இது செத்துல்லா கெடந்துச்சி..." என்று செண்பகம் தனக்குள் வியந்தாள். உடனே குரல் மாறிற்று: "அலோ, சாப்ட்டியளா? எந்தத் துறைமுகத்துல நிக்கிய?"

கீழே அப்பளம் தீர்ந்துபோயிருந்தது.