அப்பாவால் கிளட்ச் மிதிக்க முடியாது

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
18.6.1996

மீரியில் இருக்கும் அன்பு மகன் வேலாயுதத்துக்கும் மருமகள் புஷ்பவல்லிக்கும் அம்மா இராஜம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. பத்துமலை முருகன் தயவில் இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் சுகம். இல்லாதவரும் சுகமாகத்தான் இருக்கிறார் போலத் தெரிகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை தனலெட்சுமியின் மகள் சந்திரகலா கிள்ளானில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கி, தன் இடுப்பு உயரக் கோப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் தம்பி நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது. முதலாவதாக வந்த பையனுக்குப் பிறவியிலேயே கால் நீளமாம், ஆகவே அதை நான் சேர்த்துக்கொள்வதில்லை. உன் மகன் வாசு மெக்கானிக் சோதனையில் பாஸாகி, சாலாக் செலாத்தான் பட்டறையில் சேர்ந்த ஆறே மாதத்தில், சத்தத்தை வைத்தே எந்த வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுகிறான். பிள்ளை டாக்டர் ஆகவில்லையே என்று நீ வருத்தப்படாதே. டாக்டர்களுக்குக் குழாய் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வாய்த்த பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று சொன்னால் கோயிலில் யாரும் நம்புவதில்லை, அதனால் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி இருக்கிறது.

நிற்க. அந்தக் கெட்டிக்கார வாசுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறான். நம்முடைய சின்னப் பச்சைக் காரின் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த வேறு இன்ஜினை வைக்கப் போகிறானாம். அதோடு ஆட்டோ கியரையும் எடுத்துவிட்டு, கையால் மாற்றுகிற கியர் போடப் போகிறானாம். "ஆட்டோ ரொம்ப ஸ்லோ பாட்டி. ஏத்தத்துல நடந்து போற ஆளு நம்மளைத் தாண்டிப் போறான் லா" என்கிறான். வண்டி உன் பெயரில் இருப்பதால் இன்ஜின் நம்பரை மாற்ற உன் கையெழுத்து வேண்டும், அதற்கான விண்ணப்பப் பாரத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன் என்றும் சொன்னான். கையெழுத்துப் போடாதே. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், மற்றதெல்லாம் காரணம்.

சர்க்கரை நோயில் உன் அப்பாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்களே, அதற்குப் பிறகுதானே நீ தேடிப் பிடித்து இந்த ஆட்டோ காரை வாங்கிக் கொடுத்தாய். வலது கால் ஒன்றை வைத்துக்கொண்டே கிள்ளான் வரைக்கும் போய்வந்த மனுஷன். அவர் உயிர் போனதும் இந்த வண்டியில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனைப் பூக்கடையில் சரம் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டதும் நெஞ்சடைத்துப் போனார். ஆட்டோ வண்டி மிதிக்காமலே மெல்ல ஊர்ந்து போகும் என்று வாசு சொல்வான். அப்படியே ஊர்ந்து, ஏழு கடை தாண்டி, யார் மேலும் மோதாமல் நம் கேட் முன்னால் கல்லில் முட்டி நின்றது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது பூச்சரம் மடியில் இருந்தது, அவர் இல்லை. அந்தக் கியர்தான் அவரை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது. இந்த இரண்டு வருஷமாக அவர் வண்டியை விட்டு இறங்கவும் இல்லை. வாசு கட்டையான பிள்ளை, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவான். காலையில் பார்த்தால் சீட் பின்னால் போயிருக்கும். உன் அப்பா நெட்டை என்பது உனக்கே தெரியும். "சீட்டுத் தண்டவாளம் தேஞ்சு போச்சு பாட்டி" என்கிறான் வாசு. தேய்ந்த தண்டவாளம், பின்னால் பார்க்கிற கண்ணாடியையும் நெட்டை ஆளுக்குத் தகுந்த மாதிரி திருப்பி வைக்குமா? இப்போது கையால் மாற்றும் கியர் போட்டால் இடது காலால் கிளட்ச் மிதிக்க வேண்டுமாம். உன் அப்பா எந்தக் காலால் மிதிப்பார், நீயே சொல்லு.

போன மாத ஆரம்பத்தில் இன்ஜின் பார்க்க என்னையும் கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு தகரக் கொட்டகை, பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. வரிசை வரிசையாகக் கார்கள், எல்லாம் பாதிக் கார்கள். ஜப்பானில் ஓடிய வண்டிகளை முன்சீட்டோடு நறுக்கி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்களாம். ஹாஃப்கட் என்று பெயர். விளக்கும் ஸ்டியரிங்கும் இருக்கின்றன, பின்னால் பார்க்கிற கண்ணாடியும் இருக்கிறது, பின்பக்கம்தான் இல்லை. ஒரு வெள்ளை வண்டியின் சீட்டில் ஆள் உட்கார்ந்த பள்ளம் இன்னும் எழும்பவில்லை. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. கொட்டகைக்குள் வெயில் வரவே வராது. அங்கே முதலாளியாக இருந்த சீனத் தௌக்கே நன்றாகத் தமிழ் பேசினார். "அக்கா, இது பாகுஸ் இன்ஜின், ரொம்ப நல்லது. உங்க பேரன் நல்லா செலக்ட் பண்றான்" என்றார்.

"இதோட மீதிப் பாதி எங்க?" என்று கேட்டேன்.

"அது ஜப்பான்லயே இருக்கு அக்கா."

"இதுல உட்கார்ந்திருந்தவரு?"

தௌக்கே சிரிப்பை நிறுத்திவிட்டார். "அதெல்லாம் கேக்கக் கூடாது அக்கா. நான் தினம் சாயங்காலம் எல்லா வண்டிக்கும் ஊதுபத்தி வச்சிடுறேன். இதுக்கு மட்டும் ரெண்டு."

"ஏன் ரெண்டு?"

"ஒண்ணு வச்சா ஹார்ன் அடிக்குது." அந்த வண்டியில் பேட்டரியே கிடையாது என்று வாசு அப்புறம் சொன்னான். சொன்னவன் கைரேகை பார்ப்பது போல அந்த இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு கேட்டும் இது வேண்டாம் என்று உன் மகனுக்குத் தோன்றவில்லை.

நானும் விடவில்லை. ஒருவரை வீட்டுக்குள் சேர்ப்பதென்றால் பொருத்தம் பார்க்காமல் சேர்ப்போமா? நம் வண்டி பதிவான தேதியையும், இன்ஜின் தகட்டில் இருந்த ஜப்பான் தேதியையும் எழுதிக்கொண்டு ஜோசியரிடம் போனேன். "பாட்டி, அது இன்ஜின். பொண்ணு இல்ல லா!" என்று வாசு வாசலிலேயே நின்றுவிட்டான். ஜோசியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கட்டம் போட்டு, பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கிறது, ரஜ்ஜு மட்டும் இல்லை என்றார். அப்புறம் கட்டத்தையே பார்த்துக்கொண்டு, "ஏம்மா, இந்த வண்டிய ஒருத்தர்தான் ஓட்டுறாரா? எனக்கு ரெண்டு பேர் தெரியுது. இப்ப மூணாவதா ஒருத்தரை எதுக்கும்மா ஏத்துறீங்க?" என்று கேட்டார். கையெழுத்து வரும்வரை வண்டியைத் தொடாதே என்று வாசுவிடம் அன்றே சொல்லிவிட்டேன். சரி பாட்டி என்றான். அதை நம்பித்தான் தனலெட்சுமிக்கு ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் அவள் வீட்டில் போய்த் தங்கினேன்.

இப்போது போன வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள். கோயிலுக்குப் போய்விட்டு வாசுவும் நானும் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் எப்போதும் போலப் பின்சீட்டில். மணி ஆறரை இருக்கும், வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. பூ வாங்கணும் என்று வாசு இன்ஜினை ஓடவிட்டே பூக்கடையில் இறங்கினான். அவன் முதுகு எனக்குத் தெரிகிறது. வண்டி கிளம்பிவிட்டது. திடுக்கென்று இல்லை, ஆள் ஓட்டுகிற மாதிரியே, மெதுவாக, எதிரே வந்த சைக்கிளுக்கு வழிவிட்டுப் போனது. நான் முன்சீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன்சீட் பக்கமிருந்து உன் அப்பா போடுகிற பவுடர் வாசம். ஏழு கடை தாண்டி, நம் கேட்டில் வந்து நின்றது. வாசு ஓட்டமாக ஓடிவந்து கதவைத் திறந்து உள்ளே பார்த்தான்.

"பாட்டி, நீங்க முன்னால வந்தீங்களா?"

"எனக்கென்னடா வேலை முன்னால? தாத்தாதான் கொண்டுவந்து விட்டாரு."

"ஹேண்ட்பிரேக் போட மறந்துட்டேன் பாட்டி... இறக்கம்... அதான் உருண்டு வந்துருச்சு" என்று முனகினான். எதிர்வீட்டு மாரியாயி அக்கா அதைக் கேட்டுவிட்டு, "இறக்கமா? மழை பேஞ்சா தண்ணி உங்க கேட்டுலேர்ந்து பூக்கடைக்குல்ல ஓடும்!" என்றாள். வாசு முன்சீட் பக்கம் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்தான். ஆட்டோ கியர்தான் ஊர்ந்திருக்கும், ஸ்டியரிங்கை உன் அப்பா பிடித்துக்கொண்டிருப்பார் என்று நானே சமாதானம் சொன்னேன். ஆறுதல் சொன்னால் பிள்ளைக்கு இன்னும் நடுக்கம் அதிகமாகிறது.

ஆகவே மகனே, அந்தக் கியரைக் கழற்றினால் உன் அப்பாவை நடுரோட்டில் ஒற்றைக் காலோடு இறக்கிவிட்ட மாதிரி. பாரத்தைக் கிழித்துப் போட்டுவிடு. புஷ்பவல்லியை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய்ச் சேர்ந்து நீடூழி வாழவேண்டும் என்று கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
அம்மா இராஜம்மா

பி.கு.: உறையை ஒட்டுமுன் கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. வண்டிக்கு விபூதி வைக்கலாம் என்று, அவர் போனதற்குப் பிறகு முதல்தடவையாக முன்கதவைத் திறந்து குனிந்தேன். கீழே மிதிகட்டைகள் மூன்று இருந்தன. மறுபடி எண்ணினேன், மூன்றுதான். வாசுவைக் காதைப் பிடித்து இழுத்துவந்தேன். நான் தனலெட்சுமி வீட்டில் இருந்த பத்து நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டானாம். அந்த வெள்ளை வண்டியின் இன்ஜின்தான். கியர்க்கம்பி எனக்குத் தெரியாமல் இருக்கத்தான் அதன்மேல் துண்டைப் போட்டு வைத்திருந்தானாம். உன் அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்த பழைய கியர் மூன்று வாரமாக சாலாக் செலாத்தானில் கோணிக்கு அடியில் கிடக்கிறது. "பாட்டி, அன்னைக்கு நான் நியூட்ரல்ல விட்டுட்டுத்தான் எறங்கினேன். கிளட்ச்ச மிதிச்சுக் கியர் போடாம இந்த வண்டி நகராது. நான் ஓடிவந்து பார்த்தப்ப ஒண்ணாவது கியர்ல இருந்துச்சு" என்று சொல்லி அழுதுவிட்டான்.

நானும் அழுதேன், ஆனால் வேறு அழுகை. கிளட்ச் மிதித்திருக்கிறார் பார். இடது காலால். போன இடத்தில் காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு, போலீஸ் பிடித்தால் வாசு மாட்டிக்கொள்வான். ஆனால் மனதில் ஒரு சின்ன முள்: மிதித்தது உன் அப்பா தானா, அந்த ஜப்பான்காரரா? நம் கேட் அவருக்கு எப்படித் தெரியும் என்றுதான் தைரியமாக இருக்கிறேன். எதற்கும் உன் புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடு, டாஷ்போர்டில் ஒட்டி வைக்கிறேன். என்னிடம் இருப்பதில் உனக்குப் பன்னிரண்டு வயது. உன் அப்பாவுக்கு அது போதும். மற்றவருக்கு வண்டியின் சொந்தக்காரர் இப்போது எப்படி இருப்பார் என்று தெரிய வேண்டாமா? சிரித்த முகமாக எடுத்து அனுப்பு.