தீவுப் பீரங்கியும் கிரீஸ் அண்ணனும்

உலகத்தில் எந்தப் பொருளும் சத்தம் போடக் கூடாது என்று நினைத்த ஒரே மனிதர், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர் பிளாக்கில் இருந்த கிரீஸ் அண்ணன்தான். பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கிரீஸ் டப்பா, மண்ணெண்ணெய் புட்டி, சுத்தியல். மீசைக்கும் அதே கிரீஸ்தான் என்று ஒரு பேச்சு. அவர் மறுத்ததில்லை.

கீச்சென்று கேட்டால் போதும், கூப்பிடாமலே வருவார். எங்கள் வீட்டு கேட், என் சைக்கிள், பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் எல்லாம் அவர் கைபட்டு ஊமையாயின. கணக்கு டீச்சரின் நாற்காலியையும் விடவில்லை. அதுவரை டீச்சர் எழுந்தால் நாற்காலி எங்களுக்குத் தகவல் சொல்லும். பிறகு வகுப்பே அடி வாங்கியது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் சேர்ந்து தெற்கே ஒரு தீவுக்குச் சுற்றுலா போனோம். கப்பல்களைச் சுட வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை அங்கே இடிந்து கிடந்தது. குண்டு அடுக்கிய அறையில் ஆடுகள் படுத்திருந்தன. மேலே, கடலைப் பார்த்தபடி, சுழல்மேடையில் ஒற்றைப் பீரங்கி, துருவேறி இறுகிப்போய் நின்றது.

எங்களை மோட்டார் படகில் ஏற்றி வந்த லாஞ்ச்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "அஞ்சு மணிக்குச் சங்கு ஊதுவேன். வராதவங்க ஆட்டோட படுத்துக்கலாம்."

பீரங்கியைக் கண்டால் மற்றவர்கள் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். கிரீஸ் அண்ணன் அடியில் புகுந்தார்.

"இன்னா சார் இது, இத்த இப்டி இறுக உட்டு வெச்சிகிறானுங்க! பாத்துட்டுப் போனா எனுக்குத் தூக்கம் வருமா?"

"வெள்ளைக்காரன் காலத்துத் துருவுப்பா. திரும்பாது," என்றார் அவருடைய ஃபோர்மேன்.

"திரும்பும் சார்."

"திரும்பலன்னா?"

"மீசைய எட்த்துடறேன்."

கிரீஸ் அண்ணன் மனைவி எஸ்தர் அக்கா தலையில் கைவைத்தார். "யோவ், உன் மூஞ்சில அது ஒண்ணுதான்யா பாக்கற மாரி கீது!"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர், "அப்படித் தட்டாதப்பா, சாய்ச்சுத் தட்டு" என்று சட்டையைக் கழற்றினார். ஃபிட்டர், வெல்டர், டர்னர் என்று எல்லா ஆண்களும் இறங்கிவிட்டார்கள். எதிர்த்துப் பந்தயம் கட்டிய ஃபோர்மேனே பொறுக்க முடியாமல் மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சீண்ட ஆளில்லை.

மாலையில் பீரங்கி லேசாக முனகியது. அதே நேரம் லாஞ்ச் சங்கு ஊதியது. அப்படியே எங்கள் தொழிற்சாலைச் சங்கு மாதிரி. கேட்டதும் அத்தனை ஆண்களும் கருவிகளைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, வரிசையில் நின்றுவிட்டார்கள். பழக்கம்! ஷிப்ட் முடிந்துவிட்டது.

கிரீஸ் அண்ணன் மட்டும் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நெற்றி வேர்வை மீசை வழியாகச் சொட்டியது.

எஸ்தர் அக்கா சாப்பாட்டுக் கூடையை இறக்கினார். "சங்கு ஊதுனா உங்க வேல முடிஞ்சிடும். எங்க வேல என்னிக்குய்யா முடிஞ்சிது? வாங்கடி!"

பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். பீரங்கி திரும்பியது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. திரும்பித் திரும்பி, அதன் வாய் நேராக லாஞ்ச்சைப் பார்த்து நின்றது. லாஞ்ச்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"அம்மா, மெதுவா வாங்க! எல்லாரும் ஏறுன பொறவுதான் எடுப்பேன்!"

கிரீஸ் அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. மேடையின் வளையத்தில் இன்னொரு விரல் கிரீஸ் தடவி, தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத்தான் இறங்கி வந்தார்.

அவர் ஓய்வுபெற்று மகள் ஊருக்குப் போய்விட்டார். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டுப் பக்கத்து ஊரான பாடியில் வேலை செய்கிறேன். உராய்வைப் பற்றிப் பரீட்சையெல்லாம் எழுதியிருக்கிறேன். எங்கள் கேட் இப்போது தெருவுக்கே கேட்கும்படி கீச்சிடுகிறது. அப்பா தினமும் திட்டுகிறார். வீட்டில் கிரீஸ் டப்பா இருக்கிறது. நான் தடவுவதில்லை. சத்தம் கேட்டால் அவர் வந்தாலும் வருவார்.