இரண்டு விரல்தான் உயரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. தேடிப் பார்த்தாலும் கிடையாது. வீதியில் வேகத்தைக் குறைக்கப் போட்டிருக்கும் மேடுதான் பெரும்பாலும் நாம் ஏறி இறங்கும் உச்சி. ஆனாலும் மலை ஏறுவதற்கென்றே வாகனம் வைத்திருக்கும் ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வாகனத்துக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைப் பார்த்திருப்பீர்கள். “வேலை எப்ப முடியும்?” என்று அந்தக் கால்களிடம் கேட்டால், “முடிஞ்ச மாதிரித்தான்” என்று பதில் வரும். அடுத்த வருடம் போய்க் கேட்டாலும் அதே பதில்தான்.

குருநகரில் வலைச்சாமான் கடை வைத்திருக்கும் எமில்ராஜ் இந்த இனத்தின் சுத்தமான வாரிசு. அவருடைய பழைய பிக்கப்பைச் செய்தவர்கள் முன்சில்லு இரண்டும் தனித்தனியாக அசையும்படி சொகுசாகச் செய்து கொடுத்திருந்தார்கள். சொகுசு இவருக்கு ஆகுமா? ஒரு சில்லிலிருந்து மறு சில்லு வரைக்கும் ஒரே இரும்பாக, பாறையில் மோதினாலும் அசையாத முழு அச்சு வேண்டும் என்றார். பாறை எங்கே என்று கேட்டவர்களோடு பிறகு அவர் கதைப்பதில்லை.

வில்லங்கம் என்னவென்றால், அப்படி ஓர் அச்சைப் போட்டால் அது எஞ்சினுக்குக் கீழே ஏறி இறங்க இடம் வேண்டும். அதற்காக வாகனத்தை ஒரு சாணாவது உயர்த்த வேண்டும். அவருடைய மனைவி ஜெசிதா அங்கேதான் குறுக்கே நின்றார்.

“என்ரை அம்மா ஆரின்ரை உதவியும் இல்லாமல் ஏறவேணும். வாகனம் வாசல் கூரைக்குக் கீழை, போட்டிக்கோவுக்குள்ளை நிக்கவேணும். இரண்டிலை ஒண்டு பிழைச்சாலும் உந்தப் பிக்கப்பை வித்துப்போட்டு, வாடகை வான் பிடிச்சு மடு மாதா திருநாளுக்குப் போறது. சரியோ?”

“ஓம். இரண்டு விரல்தான் உயரும்” என்று எமில்ராஜ் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

அன்றிலிருந்து அந்த விரல்கள் மடங்கவேயில்லை. கடையில் தூண்டில் வாங்க வந்தவருக்கும் காட்டினார், பாண் வாங்கப் போன இடத்திலும் காட்டினார், பூசை முடிந்து வந்த சுவாமியாருக்கும் காட்டினார். அரியாலையிலிருந்து சிநேகிதர் அடைக்கலநாதன் வருவார். அவரும் இதே இனம். இருவரும் குந்தியிருந்து வாகனத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். பேச்சில்லை. இடைக்கிடை ஒருவர் “ம்” என்பார். மற்றவர் யோசித்துவிட்டு “ம்ம்” என்பார். அதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் பாடுபட்டார். எஞ்சினின் எண்ணெய்ச் சட்டியை வெட்டி ஒட்டினார், குறுக்குச் சட்டத்தை வளைத்தார், ஸ்பிரிங் தகடுகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். வாகனம் ஆளோடுதானே ஓடும், வெறும் வாகனத்தை அளந்து என்ன பயன் என்று கடையிலிருந்த வலைக்குக் கட்டும் ஈயத்தையெல்லாம் அள்ளி ஏற்றி, குடும்பத்தின் பாரத்துக்குச் சரியாக்கி உயரத்தை அளந்தார். சாமான் ஏற்ற வாகனக் கூரையில் பூட்டிய கரியரோடு சேர்த்தும் இரண்டு விரல்தான்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு சுவாமியார் தீர்த்தம் தெளித்து வாகனத்தை ஆசீர்வதித்தார். ஜெசிதாவின் அம்மா, எமில்ராஜின் மாமி, சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, கதவைப் பற்றி, ஒரு காலை வைத்தார். எமில்ராஜ் உதவப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மற்றக் காலும் ஏறியது. முதல் சோதனை பாஸ்! முன்னும் பின்னும் சொந்தக்காரர் நெருக்கியடித்து ஏற, வாகனம் மெல்லப் போய்ப் போட்டிக்கோவுக்குள் நுழைந்தது. கரியர் போட்டிக்கோவின் சீமெந்து பீமில் படவில்லை. இரண்டாம் சோதனையும் பாஸ்! எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

ஒவ்வொருவராக இறங்க இறங்க, ஸ்பிரிங் ஒவ்வொரு பெருமூச்சாக விட்டது. கடைசியாக மாமி இறங்கினார். “டொக்” என்று ஒரு சத்தம்.

கரியர் பீமில் இறுகிவிட்டது. எமில்ராஜ் பின்னுக்கு எடுத்துப் பார்த்தார், சீமெந்து உதிர்ந்தது. முன்னுக்கு எடுத்தார், இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

“போட்டிக்கோவுக்குள்ளை நிக்குதுதானே” என்றார், மெல்லிய குரலில்.

“நிக்குது. இனி வேறை எங்கையும் போகாது” என்றார் ஜெசிதா. “விக்கிறதெண்டாலும் வெளியிலை எடுத்தெல்லோ விக்கவேணும்?”

விற்பதா? அத்தனை பாடும் ஒரு பிடி சீமெந்துத் தூளில் முடிவதா?

“ஆர் விக்கிறது?” என்று மாமி குரல் கொடுத்தார். “உந்த உயரத்திலை இருந்தால் எல்லாரின்ரை மதிலுக்கு உள்ளையும் தெரியுது. பக்கத்து வீட்டுக் கிறகோரியின்ரை வளவிலை பந்தல் போடுறாங்கள். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொன்னவையோ? மடுவுக்கு நான் உதிலைதான் வருவன். ஏறுங்கோ எல்லாரும்!”

எல்லாரும் மறுபடி ஏறினார்கள். பாரம் ஏற வாகனம் பணிந்தது. சுகமாக வெளியே வந்தது. எமில்ராஜ் மாமியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று பின்னேரம் ஜெசிதா தேத்தண்ணியோடு வந்தபோது எமில்ராஜும் அடைக்கலநாதனும் போட்டிக்கோவில் நின்றார்கள். இம்முறை குனியவில்லை. அண்ணாந்து பீமைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ம்” என்றார் அடைக்கலநாதன்.

“என்ன பாக்கிறியள்?” என்று ஜெசிதா கேட்டார்.

எமில்ராஜ் திரும்பாமலே இரண்டு விரலைக் காட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று முடிஞ்ச மாதிரித்தான் கிடக்கிறது, இல்லையா? தறப்பாள் போட்டு மூடிய மோட்டார் சைக்கிளோ, கதவு வைக்காத அறையோ, கழற்றிப் போட்ட தண்ணி மோட்டரோ? இன்று மனைவி அதைப்பற்றிக் கேட்கும்போது, பதில் சொல்ல முதல் உங்கள் கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.